சர்க்கரை நோயுள்ள பூனை: மின்வெட்டு, ஊசி, சாப்பாடு

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்)
எங்கள் பூனைக்குச் சர்க்கரை நோய். கேனின்சுலின் (விலங்குகளுக்கான இன்சுலின்) 12 மணி நேரத்துக்கு ஒருமுறை போடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மின்வெட்டில் மருந்து கெட்டுவிடுமா? உலர் தீனியை இன்றே நிறுத்திவிடலாமா?

பதில் (ஃபீனிக்ஸ்)
அக்கா, சில மணி நேரத்துக்கு ஒன்றும் ஆகாது, ஃபிரிட்ஜைத் திறக்காமல் விடுங்கள். ஐஸ் மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்துபோன இன்சுலினைத் தூக்கிப்போட வேண்டியதுதான். அதைவிட முக்கியம் ஊசிக்குழல் (சிரிஞ்ச்): கேனின்சுலினில் மில்லிக்கு 40 யூனிட், மனிதர்களுக்கான இன்சுலின் சிரிஞ்சோ பெரும்பாலும் மில்லிக்கு 100 யூனிட் கணக்கு, மாற்றிப் போட்டால் அளவு தப்பிவிடும்.

பதில் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)
உலர் தீனியில் பொதுவாக மாவுச்சத்து அதிகம், ஈர உணவு நல்லதுதான். ஆனால் திடீரென்று மாற்றினால் சர்க்கரை இறங்கி, பழைய அளவு இன்சுலினே ஆபத்தாகிவிடும், டாக்டரைக் கேட்டு மெதுவாக மாற்றுங்கள். சாப்பிடாத வேளையில் ஊசி போடுமுன் அவருக்கு போன் பண்ணுங்கள். தள்ளாடினால், நடுங்கினால் ஈறில் தேன் தடவி உடனே கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

கேட்டவர்
சரி தம்பி, ஊசியை இப்போதே பார்க்கிறேன். மீன்குழம்புச் சோற்றுக்கு அழுகிறானே, கொஞ்சம் வைக்கலாமா?

பதில் (ஃபீனிக்ஸ்)
வேண்டவே வேண்டாம் அக்கா. சோறு மாவுச்சத்து, குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். உப்பில்லாமல் வேகவைத்த கோழி கொஞ்சம் கொடுங்கள்.