மேகத்திலிருந்து கடலில் இறங்கும் கதிர்கள்: உங்களால் மறக்க முடியாத படம் எது?

பதிவு 1
மூன்று வருடமாகியும் மனதை விட்டுப் போகவில்லை. பாறைமேல் முக்காலி, வெளிச்சத்தை வெகுவாகக் குறைக்கும் பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர், அலை புகைபோல வரவேண்டும் என்று 30 விநாடி எக்ஸ்போஷர், அதாவது அத்தனை நேரம் ஷட்டர் திறந்தே இருக்கும். ஷட்டர் திறந்து பத்து விநாடிகூட ஆகியிருக்காது, மேகத்தில் ஒரு பொத்தல் விழுந்தது. ஒரே ஒரு கதிர். கடல்மேல் வெள்ளித் தட்டு மாதிரி ஒரு வெளிச்சம் நகர்ந்து நகர்ந்து போய், ஒரு சின்னப் படகின்மேல் ஏறியது. படகில் நின்றவர் கண்ணுக்குமேல் கையை வைத்து மறைத்துக்கொண்டார். நான் ஷட்டரை மூடவில்லை. முடிந்தபோது படகு பழையபடி சாம்பல் நிறம். படத்தில் கதிர் இருந்த இடத்தில் ஒரு வெளிறிய கறைதான்.

பதிவு 2
எனக்குக் கதிர்கள் அரை மணி நேரம் நின்றன. ஆனால் லென்ஸின் முன்கண்ணாடியில் உப்புச்சாரல். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்தால், சூரியனை நோக்கி எடுத்த அத்தனை படத்திலும் ஒவ்வொரு துளியும் ஒரு வெள்ளைப் பொட்டு.

பதிவு 1-க்கு ஒன்று சொல்கிறேன். கதிருக்கு நீண்ட எக்ஸ்போஷரே கூடாது. மேகம் நகர்ந்தால் கதிரும் நகரும். 1/250 விநாடி மாதிரி வையுங்கள். மேகத்தின் விளிம்பு வெளுக்காத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறையுங்கள், கேமரா காட்டும் வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் முட்டக்கூடாது. கடல் கறுத்துத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், கேமரா பதிந்த தகவலை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் நிழலைப் பிறகு வெளிச்சமாக்கிக்கொள்ளலாம். முழுக்க வெளுத்துப்போன மேகத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. வானத்தைக் கருநீலமாக்கப் போடும் போலரைசர் ஃபில்டரையும் கழற்றிவிடுங்கள். அது வானத்தில் நன்றாக வேலை செய்வது சூரியனுக்கு 90 பாகை தள்ளித்தான். அப்புறம், கண்ணை வைத்துப் பார்க்கும் ஆப்டிகல் வியூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது, திரையில் பாருங்கள்.

பதிவு 3
பதிவு 2 சொல்லும் "நீண்ட எக்ஸ்போஷரே கூடாது" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். காற்றில்லாத நாளில் 2 விநாடி வைத்தும் எனக்குக் கதிர் தெளிவாக வந்திருக்கிறது.

என்னை உறுத்துவது எடிட்டிங். லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் மூட்டத்தைக் குறைக்கும் டீஹேஸை ஏற்றினேன், கதிர்கள் எடுப்பாகத் தெரிந்தன. ஆசை விடவில்லை. பிரஷ்ஷால் இன்னும் இரண்டு கதிர் வரைந்தேன், பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டினேன். என் அக்கா மகள், ஏழு வயது, நாற்காலியில் ஏறி ஒவ்வொரு கதிரின்மேலும் விரலை வைத்துக் கீழிருந்து மேலே இழுத்தாள். நான்கும் மேகத்துக்குப் பின்னால் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தன. ஐந்தாவதில் விரல் நின்றது. "மாமா, இது மட்டும் ஏன் வேற இடத்துக்குப் போகுது?"

அன்றைக்கே கழற்றிவிட்டேன். இப்போதெல்லாம், உண்மையில் இருக்கிற கதிரின்மேல் மட்டும் மாஸ்க் போட்டு, அதாவது அந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, கொஞ்சம் வெளிச்சம், கொஞ்சம் மஞ்சள். காற்றில் மிதக்கிற ஈரமும் உப்புத்துகளும் ஒளியைச் சிதறடிப்பதால்தான் கதிரே நம் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த மூட்டத்தை முழுக்கத் துடைத்தால் கடற்கரைக்கு உயிரே இல்லை.

பதிவு 4
நான் சூரியன் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். நாயோடு நடந்து வந்தவர் என் முதுகுக்குப் பின்னால் கைகாட்டினார். எதிர்த்திசை அடிவானத்தில் இளஞ்சிவப்பும் நீலமுமாகப் பட்டைகள் ஒரு புள்ளியில் கூடிக்கொண்டிருந்தன. கதிர்கள் உண்மையில் இணையாகத்தான் போகின்றன, தண்டவாளம் தூரத்தில் கூடுவது மாதிரி அங்கும் கூடித் தெரியும். நான் லென்ஸ் மாற்றுவதற்குள் மங்கிவிட்டது.

பதிவு 1
பதிவு 2-க்கு: நீங்கள் சொன்ன அளவெல்லாம் அன்றைக்கே எனக்குத் தெரியும். ரிமோட் கையில் இருந்தது, கட்டைவிரல் பொத்தான்மேல்தான் இருந்தது. இன்னும் இருபது விநாடிதானே என்று நின்றுவிட்டேன்.