புதுப்பிப்பு: அரச உத்தியோகத்தை விட்டுக் கடலுக்குப் போவதா?

ஓய்வூதியமுள்ள முகாமைத்துவ உதவியாளர் பதவியை விட்டுச் சுழியோடி வழிகாட்டியாகலாமா என்று கடந்த மார்கழியில் கேட்டிருந்தேன். சென்ற வாரம் இராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டேன்.

உங்களில் ஒருவர் சொன்னபடி, முதலில் மூன்று மாதம் சம்பளமற்ற விடுமுறை எடுத்து, திருகோணமலையின் நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குச் செல்லும் படகுகளில் உதவியாளராக வேலை செய்தேன். 18 மீற்றர் ஆழத்துடன் நிற்கும் ஆரம்பப் பயிற்சியைக் கடந்து, 30 மீற்றர் வரையிலான அடுத்த கட்டமும் மீட்புப் பயிற்சியும் முடிந்தன. வழிகாட்டிச் சான்றிதழ்தான் இன்னும் மிச்சம்.

"வாடை தொடங்கினால் என்ன சாப்பிடுவாய்?" என்று அப்பா கேட்டபோது கோபம் வந்தது, ஆனால் அந்தக் கேள்வி நியாயமானது. ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரைதான் இங்கு கடல் அமைதியாக இருக்கும் என்பதால், மாரி மாதங்களில் இரண்டு கடைகளுக்குக் கணக்கெழுத ஒப்புக்கொண்டிருக்கிறேன். (கணக்கு என்னை விடாது போலும்.)

ஞாயிறன்று அப்பா கடற்கரைக்கு வந்தார். சிலிண்டரைத் தட்டிப் பார்த்து, "ஒட்சிசனா?" என்றார். அழுத்தி அடைத்த சாதாரணக் காற்றுத்தான் என்றேன். அரை மணி நேரம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்.