ஓடிபி வராமலே கார்டிலிருந்து கேம் அக்கவுண்டுக்குப் பணம் போயிருக்கிறது. முதலில் வங்கியா, கேம் கம்பெனியா?

பனியன்நகர்:
வணக்கம். கொஞ்சம் அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அக்கா பையனிடம் ஒரு கேம் கன்சோல் இருக்கிறது. அதன் ஆன்லைன் அக்கவுண்டில் அக்காவின் டெபிட் கார்டைச் சேமித்து வைத்திருக்கிறார்கள். நேற்று நள்ளிரவு தாண்டி அக்கா போனுக்கு வங்கியிலிருந்து அடுத்தடுத்து இரண்டு எஸ்எம்எஸ். ஒவ்வொன்றும் 4,000 ரூபாய், இரண்டுமே கேம் கம்பெனி பெயரில். ஓடிபி எதுவும் வரவில்லை. பையன் தூங்கிக்கொண்டிருந்தான், கன்சோலும் அணைந்திருந்தது. (அவன்தான் வாங்கியிருப்பான் என்று வீட்டில் ஒரு சுற்று விசாரணை நடந்து முடிந்துவிட்டது, பாவம்.)

காலையில் வங்கிக் கிளைக்குப் போனால், "கார்டை அங்கே கொடுத்து வைத்தது நீங்கள்தானே, அவர்களிடமே கேளுங்கள்" என்கிறார்கள். கம்பெனியின் சாட்டில் கேட்டால், வங்கி மூலமாகப் பணத்தைத் திரும்ப எடுத்தால் அக்கவுண்டையே முடக்கிவிடுவோம் என்கிற மாதிரி பதில் வருகிறது. பல வருடமாகக் காசு கொடுத்து வாங்கிய கேம்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

ஓடிபி இல்லாமல் எப்படிப் பணம் போனது? கம்பெனியின் சர்வரையே உடைத்து கார்டு நம்பரை எடுத்துவிட்டார்களா? யாரிடம் முதலில் போவது?

கவுண்டர்_4:
வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் கார்டு. வங்கி ஆப்பில் போய் இப்போதே பிளாக் செய்யுங்கள். அதற்குத் தயக்கம் என்றால் 'சர்வதேசப் பரிவர்த்தனை' ஸ்விட்சையாவது அணைத்து வையுங்கள். ரிசர்வ் வங்கி 2020ல் சொன்னதன்படி எல்லா வங்கியும் இந்த ஸ்விட்சைக் கொடுத்தாக வேண்டும்.

அடுத்தது, கிளையில் வாயால் சொன்னது புகாரே இல்லை. கார்டின் பின்புறம் உள்ள 24 மணி நேர எண்ணில் கூப்பிட்டு, 'நான் அனுமதிக்காத பரிவர்த்தனை' என்று பதிவு செய்து புகார் எண் வாங்குங்கள். அப்படியே மின்னஞ்சலும் அனுப்பிவிடுங்கள். கூடவே சைபர் குற்ற உதவி எண்ணான 1930லும் ஒரு புகார் பதிந்து வையுங்கள்.

இதில் நாள் கணக்கு முக்கியம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, நடுவில் எங்கோ நடந்தது என்றால், வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்கள் பொறுப்பு பூஜ்யம். நான்கிலிருந்து ஏழு நாள் என்றால் ஒரு பகுதியை நீங்கள் சுமக்க வேண்டி வரும். சாதாரண சேமிப்புக் கணக்கில் ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை. அதாவது உங்கள் விஷயத்தில் மொத்தமும் போய்விடும். அதனால் தள்ளிப் போடாதீர்கள்.

ஓடிபி விஷயம்: இந்தியாவுக்குள் நடக்கும் ஆன்லைன் கார்டு பரிவர்த்தனைக்குத்தான் அந்தக் கட்டாயம். வெளிநாட்டில் பதிவான வணிகர் எடுத்தால் அது இல்லாமலே போகும். ரூபாயில்தான் பில் வந்தது என்று ஏமாந்துவிட வேண்டாம். ஸ்டேட்மென்டில் மார்க்அப் என்று தனியாக ஒரு சின்னத் தொகை பிடித்திருந்தால் அது வெளிநாட்டுக் கணக்கு.

சேலம்_கேமர்:
ப்ரோ, கம்பெனி சொல்வதில் உண்மை இருக்கிறது. வங்கி மூலம் பணத்தை இழுத்தால் அக்கவுண்டைப் பூட்டுவது பல நெட்வொர்க்குகளில் வழக்கம்தான். அதனால் கார்டை பிளாக் செய்து வங்கியில் பதிவும் செய்யுங்கள், அதே நாளில் கம்பெனியிலும் 'அக்கவுண்டில் வேறு யாரோ நுழைந்துவிட்டார்கள்' என்று டிக்கெட் போடுங்கள். 'ரீஃபண்ட் வேண்டும்' என்று மட்டும் கேட்டால், கேமைத் திறந்து பார்த்துவிட்டீர்கள் என்று சொல்லி மூடிவிடுவார்கள்.

ஒன்று பாருங்கள். அக்கவுண்டின் பர்ச்சேஸ் ஹிஸ்டரியில் அந்த இரண்டு தொகையும் இருக்கிறதா?

ரீஃபண்ட்_எக்ஸ்பர்ட்:
[நெறியாளரால் நீக்கப்பட்டது]

நெறியாளர்:
வாட்ஸ்ஆப் எண் கொடுத்து 'பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்றவரை நீக்கியிருக்கிறோம். தனிச்செய்தியில் வந்தாலும் பதில் போட வேண்டாம். கூகுளில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடி வரும் எண்களுக்கும் இதே எச்சரிக்கைதான்.

பனியன்நகர்:
கார்டை பிளாக் செய்துவிட்டோம், புகார் எண்ணும் வந்துவிட்டது. மார்க்அப்பும் பிடித்திருக்கிறார்கள், கவுண்டர் ஐயா சொன்னது சரி.

ஹிஸ்டரியில் இரண்டும் இருக்கின்றன. ஒரு ஃபுட்பால் கேமுக்கான பாயிண்ட்ஸ். எங்கள் பையன் அந்த கேமை விளையாடுவதே இல்லை.

சேலம்_கேமர்:
அப்போது விடை பாதி கிடைத்துவிட்டது. ஹிஸ்டரியில் இல்லாமல் வங்கியில் மட்டும் பணம் போயிருந்தால், கார்டு நம்பரே வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். ஹிஸ்டரியில் இருக்கிறது என்றால், யாரோ உங்கள் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே வந்து, சேமித்து வைத்த கார்டைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அவர்களுக்குக் கார்டு நம்பர் தெரியவே தேவையில்லை. ஃபுட்பால் பாயிண்ட்ஸைத் தேர்ந்தெடுப்பதும் அதனால்தான், அதில் வரும் பிளேயர்களை வேறு அக்கவுண்டுக்கு மாற்றி விற்றுவிடலாம்.

செட்டிங்ஸில் 'டிவைஸ்' பகுதிக்குப் போய் உங்களுக்குத் தெரியாத கன்சோல் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். எல்லா டிவைஸிலிருந்தும் சைன் அவுட் கொடுங்கள். அப்புறம் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஆனால் அதற்கு முன்னால் அந்த அக்கவுண்டின் மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றிவிட வேண்டும். மின்னஞ்சல் அவர்கள் கையில் இருந்தால் மற்றதெல்லாம் வீண்.

பழைய_கன்சோல்:
சர்வரை உடைத்தார்களா என்று கேட்டிருந்தீர்கள். அந்தச் சந்தேகம் எல்லோருக்கும் முதலில் வரக் காரணமே 2011ல் சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் நடந்ததுதான். அப்போது அதில் அக்கவுண்ட் வைத்திருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஏப்ரல் 17க்கும் 19க்கும் நடுவில் உள்ளே வந்தார்கள். 20ஆம் தேதி சோனி நெட்வொர்க்கையே மூடியது. ஆனால் தனிப்பட்ட தகவல்கள் போய்விட்டன என்று வாடிக்கையாளர்களுக்குச் சொன்னது 26ஆம் தேதி. சுமார் 7.7 கோடி அக்கவுண்டுகள். பெயர், முகவரி, பிறந்த தேதி, மின்னஞ்சல், பாஸ்வேர்டு எல்லாம். மே மாதம் பாதி ஆகும் வரை ஆன்லைனில் விளையாட முடியவில்லை. அந்தத் தாமதத்துக்கு அவர்களைத் திட்டியதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. பிரிட்டனின் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2013ல் இரண்டரை லட்சம் பவுண்ட் அபராதம் போட்டது. அந்த அளவு கம்பெனிக்கு அது டீ செலவு.

கார்டு விவரம் குறியாக்கம் செய்யப்பட்டிருந்தது, திருடப்பட்டதற்கு ஆதாரம் இல்லை என்றார்கள். கார்டின் பின்னால் உள்ள மூன்று இலக்க எண்ணை அவர்கள் வைத்திருக்கவே இல்லை. ஆனால் அதே நிறுவனத்தின் இன்னொரு கிளையான சோனி ஆன்லைன் என்டர்டெய்ன்மென்டில் 2.46 கோடி அக்கவுண்டுகள் போயின. அங்கே 2007ஆம் ஆண்டின் பழைய தரவுத்தளம் ஒன்று துடைக்காமல் கிடந்திருக்கிறது. அதில் அமெரிக்காவுக்கு வெளியே உள்ளவர்களின் சுமார் 12,700 கார்டு எண்கள் இருந்தன. பயன்படுத்தாத தரவை ஏன் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு எந்தக் கம்பெனியிடமும் நல்ல பதில் கிடையாது.

உங்கள் கதைக்குப் பொருத்தமானது அதே வருடம் அக்டோபரில் நடந்தது. அப்போது யாரும் சோனி சர்வரை உடைக்கவில்லை. வேறு எங்கோ கசிந்த மின்னஞ்சல், பாஸ்வேர்டு பட்டியலை வைத்துக்கொண்டு வரிசையாக லாகின் செய்து பார்த்திருக்கிறார்கள். சுமார் 93,000 அக்கவுண்டுகளில் அது பொருந்திவிட்டது. சோனி அவற்றைப் பூட்டி வைத்தது. உங்கள் பையன் அக்கவுண்டில் நடந்ததும் இதே வகை என்றுதான் நினைக்கிறேன்.

நிலா_ஆர்:
அதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற தளத்தில் அந்த மின்னஞ்சலைப் போட்டுப் பாருங்கள், எந்தெந்தக் கசிவில் அது இருக்கிறது என்று காட்டும். மின்னஞ்சலைத் தேட பாஸ்வேர்டு கேட்காது, கேட்டால் போடாதீர்கள். 2019ல் சிங்கா கம்பெனி கேம்களிலிருந்து 17 கோடிக்கும் மேல் அக்கவுண்டுகள் கசிந்தன. போனில் வார்த்தை விளையாட்டு ஆடிய பல பேருக்கு அது தெரியவே தெரியாது.

பனியன்நகர்:
பார்த்தோம். ஒரு மொபைல் கேம், ஒரு ஷாப்பிங் தளம் என்று இரண்டு இடத்தில் காட்டுகிறது. டிவைஸ் பட்டியலில் தெரியாத கன்சோல் ஒன்றும் இருந்தது, எடுத்துவிட்டோம்.

இப்போது அக்காவின் பயம் வேறு. "பாஸ்வேர்டு போனது உங்கள் கவனக்குறைவு" என்று வங்கி கையை விரித்துவிடுமா?

கவுண்டர்_4:
சொல்லிப் பார்ப்பார்கள். அதே சுற்றறிக்கையில், வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது என்று இருக்கிறது. கார்டின் பின் எண்ணையோ ஓடிபியையோ அக்கா யாருக்கும் சொல்லவில்லை. கேம் அக்கவுண்ட் பாஸ்வேர்டு அதோடு சேராது என்பது என் வாதம். ஒப்புக்கொள்ளாத மேலாளரும் இருப்பார். எழுதிக் கொடுக்கும்போது தெரியாத கன்சோலின் ஸ்கிரீன்ஷாட்டையும் ஹிஸ்டரியையும் இணைத்துவிடுங்கள்.

புகார் கொடுத்த பத்து வேலை நாளுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். 30 நாளில் பதிலே இல்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர். ஆன்லைனிலேயே போடலாம், கட்டணம் இல்லை.

சேலம்_கேமர்:
இனிமேல் கார்டைச் சேமிக்கவே வேண்டாம். வாலட் கோடு (முன்கூட்டியே காசு கொடுத்து வாங்கும் ரீசார்ஜ் எண்) வாங்கிப் போட்டுக்கொண்டால் போதும். யாராவது உள்ளே வந்தாலும் வாலட்டில் இருக்கும் சில நூறு ரூபாய்தான் போகும். லாகினுக்கு ஆத்தென்டிகேட்டர் ஆப் (போனிலேயே குறியீடு காட்டுவது) அல்லது பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் போன் லாக்கால் திறப்பது) போடுங்கள். எஸ்எம்எஸ் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதுவாவது இருக்கட்டும்.

நிலா_ஆர்:
2022 அக்டோபருக்கு அப்புறம் இந்தியாவில் கடைகள் கார்டு எண்ணையே வைத்திருக்கக் கூடாது, அதற்குப் பதிலாக ஒரு மாற்றுக் குறியீடான டோக்கன்தான் என்றார்களே. அது இங்கே வராதா?

கவுண்டர்_4:
உள்நாட்டுப் பரிவர்த்தனைக்கு மட்டும். வந்திருந்தாலும் இந்தத் திருட்டைத் தடுத்திருக்காது. அக்கவுண்டுக்குள் வந்தவனுக்கு எண்ணும் ஒன்றுதான், டோக்கனும் ஒன்றுதான், 'வாங்கு' பட்டனை அழுத்தினால் போதுமே.

பனியன்நகர்:
தகவலுக்காக: வங்கி தற்காலிக வரவு போட்டுவிட்டது. இன்று கம்பெனியிடமிருந்தும் மின்னஞ்சல், நடந்தது வெளியாள் வேலை என்று ஒப்புக்கொண்டு 8,000 ரூபாயைக் கேம் வாலட்டில் போடுகிறோம் என்கிறார்கள், கார்டுக்குத் திருப்ப மாட்டார்களாம். பையன் வாலட்டிலேயே இருக்கட்டும் என்று குதிக்கிறான்!

சேலம்_கேமர்:
குதிக்கத்தான் செய்வான். ஆனால் இரண்டு பக்கமும் வாங்க முடியாது. வங்கி வரவு நிலைத்துவிட்டால் கம்பெனியின் கணக்கில் அது திரும்ப இழுத்த பணம்தான், அக்கவுண்ட் பூட்டப்படும். வாலட்டை ஏற்பதானால் வங்கிக்கு எழுதி புகாரைத் திரும்பப் பெறுங்கள், தற்காலிக வரவை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கார்டுக்கே திருப்புங்கள் என்று ஒருமுறை அழுத்திக் கேட்டுப் பாருங்கள், புகார் எண்ணைக் குறிப்பிட்டு. பதில் வரும் வரை வாலட்டில் ஒரு ரூபாயைக்கூடத் தொட விடாதீர்கள்.

பனியன்நகர்:
சரி, அப்படியே எழுதிவிட்டேன். கன்சோலின் வயரைக் கழற்றி அக்கா பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார்.