துப்பாக்கி சர்வே: வீட்டைக் கணக்கெடுப்பதா, ஆளைக் கணக்கெடுப்பதா?

வணக்கம். மன்னார்குடியில் எம்.எஸ்சி. புள்ளியியல் படிக்கிறேன். அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பற்றிய சர்வேக்கள்தான் புராஜெக்ட், அடுத்த வாரம் ரிவ்யூ, ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பியூ என்ற அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் 2023 ஆய்வில் தன்னிடமே துப்பாக்கி இருப்பதாகச் சொன்ன பெரியவர்கள் 32%. ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பின் 2017 மதிப்பீடோ 100 பேருக்கு 120 துப்பாக்கி என்கிறது. இதில் குழப்பமில்லை, ஒன்று ஆளை எண்ணுகிறது, மற்றது துப்பாக்கியை. (நம்மூரில் தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ்காரர்கள் ஸ்டேஷனில் ஒப்படைப்பதால் கணக்கு தெரிந்துவிடும். அங்கே நாடு முழுமைக்கும் பதிவேடே இல்லை, பெரும்பாலும் சர்வேயைத்தான் நம்ப வேண்டும்.)

சிக்கல், அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடக்கும் ஜெனரல் சோஷியல் சர்வேயில். 1973 முதல் 2018 வரையிலான டேட்டா, 'வீட்டில் துப்பாக்கி உண்டா' என்ற கேள்வி, மென்பொருள் ஆர். ஒரு வீட்டில் ஒரு பெரியவரை மட்டும்தான் கேட்கிறார்கள். வீட்டில் எத்தனை பெரியவர்கள் என்பதை வெயிட்டாக (ஒவ்வொரு பதிலுக்கும் தரும் எடையாக) போட்டால் ஒரு விடை, போடாவிட்டால் வேறு விடை. 2021இல் கோவிட்டால் பெரும்பாலும் இணையவழிக்கு மாறிவிட்டதால் அதைச் சேர்க்கவில்லை. ஆண், பெண் என்று பிரித்தும் பார்த்தேன், அது இன்னும் மோசம்: திருமணமான ஆண்கள் 'இருக்கிறது' என்று சொல்லும் அளவுக்குத் திருமணமான பெண்கள் சொல்வதில்லை. ஆண், பெண் விடைகள் இரண்டையும் சராசரி எடுத்துவிடு என்கிறார் கைடு, எனக்கு மனசு ஒப்பவில்லை.

துப்பாக்கி உள்ள வீடுகளின் சதவீதம்தான் வேண்டும், பெரியவர்களின் சதவீதம் அல்ல என்றால், அந்த வெயிட்டைப் போட வேண்டுமா, விட வேண்டுமா?