பகலா, நள்ளிரவா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

ஸ்ட்ரிப் கிளப்புக்கு (பெண்கள் ஆடை களைந்து நடனமாடும் இடம்) ஒரே ஒரு முறை, அதுவும் நள்ளிரவில் போயிருக்கிறேன். வாசலில் நுழைவுக் கட்டணம், உள்ளே காதைப் பிளக்கும் இசை. கோப்பையில் ஒரு வாய் குடிப்பதற்குள் தனியறை நடனத்துக்கு வருகிறீர்களா என்று நடனப் பெண்கள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மறுக்கக் கூச்சப்பட்டு (என் பலவீனம் அது) பர்ஸைக் காலி செய்துவிட்டு வந்தேன்.

பகலில் கூட்டம் குறைவு, சில இடங்களில் நுழைவுக் கட்டணமே இல்லை என்கிறார்கள். பல கிளப்புகளில் நடனப் பெண்களே நிர்வாகத்துக்குப் பணம் கட்டித்தான் மேடையேறுகிறார்கள். பகலில் அந்தத் தொகை குறைவு என்பதால் அவசரமின்றிப் பேசுவார்களாம். உண்மையா? ஆளில்லாத நேரத்தில் மேடையருகே உட்கார்ந்தால் டிப்ஸ் முழுவதும் என் தலையில்தானே விழும்? இரண்டு நேரமும் பார்த்தவர்கள், எவ்வளவு பணத்தோடு போவது என்பதையும் சொல்லுங்கள்.