மறு: பிராப்பர்ட்டி, அசெட் இரண்டுக்கும் சொத்தேதானா?

நண்பர்களே,

எஸ்டேட், பிராப்பர்ட்டி, அசெட், ஃபெசிலிட்டி மேனேஜ்மென்ட் என்ற பாடங்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழை நீண்டுவிட்டது, தெரியும். இந்தத் துறையையே பட்டப்படிப்பாகப் படித்தவன் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

இலங்கையில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் எஸ்டேட் மேனேஜ்மென்ட் அண்ட் வேல்யுவேஷன் என்று ஒரு துறை இருக்கிறது. அங்கே இடம் கிடைத்ததை ஹட்டனில் வீட்டில் சொன்னபோது மாமா கேட்ட முதல் கேள்வி, "எந்தத் தோட்டத்துக்குடா தொரையாப் போற?" எங்கள் பக்கத்தில் எஸ்டேட் என்றால் தேயிலைத் தோட்டம், அதன் மேனேஜர் பெரிய துரை, அவ்வளவுதான். இல்லை மாமா, கட்டடம், வாடகை, மதிப்பீடு என்று நான் விளக்கி முடித்ததும் "அப்ப வீட்டுப் புரோக்கரா?" என்றார். படித்து முடிக்கும்வரை அவருக்குச் சொல்ல என்னிடம் ஒரு தமிழ்ச் சொல் இருக்கவில்லை.

ஆகவே எஸ்டேட் மேனேஜ்மென்ட்டுக்கு முன்மடலில் ஒருவர் எழுதிய 'தோட்ட மேலாண்மை' வேண்டவே வேண்டாம். இலங்கையில் பெருந்தோட்ட முகாமைத்துவத்துக்கு (மேலாண்மைக்கு எங்கள் சொல்) தனி நிறுவனமே உண்டு, குழப்பம்தான் மிஞ்சும். தவிர இந்தத் துறைப் பெயரில் எஸ்டேட் என்பது இங்கிலாந்துப் பிரபுக்களின் நிலபுலன்களைக் கவனித்த காலத்து மிச்சம். 1919-இல் அங்கே காலேஜ் ஆஃப் எஸ்டேட் மேனேஜ்மென்ட் என்று தொடங்கிய நிறுவனமே இப்போது பெயரை மாற்றி யூனிவர்சிட்டி ஆஃப் த பில்ட் என்விரான்மென்ட் ஆகிவிட்டது. அவர்களே இறக்கி வைத்த மூட்டையை நாம் ஏன் தூக்க வேண்டும்?

சரி, சொல் தேடும் முன் யார் என்ன வேலை செய்கிறார் என்று பார்ப்போம். கொழும்பில் பத்து மாடி அலுவலகக் கட்டடம் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வருடப் பழைய லிஃப்ட் நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு, உள்ளே இருப்பவரை வெளியே எடுத்து, அன்று மாலைக்குள் ஓடவைப்பவர் ஃபெசிலிட்டி மேனேஜர். ஆறாம் மாடிக்காரரின் வசவைப் போனில் வாங்கிக்கொண்டே, பழுதுச் செலவு வாடகைதாரர் தலையிலா உரிமையாளர் தலையிலா என்று ஒப்பந்தத்தைப் புரட்டுபவர் பிராப்பர்ட்டி மேனேஜர். அசெட் மேனேஜர் அந்த லிஃப்டில் ஏறியே இருக்கமாட்டார். இப்போது புது லிஃப்ட் போட்டால் வாடகையை உயர்த்தலாமா, இல்லை இப்படியே இரண்டு வருடத்தில் கட்டடத்தை விற்றால் வாங்குபவர் எவ்வளவு குறைப்பார், இதுதான் அவருடைய கணக்கு. ஒரே லிஃப்ட், மூன்று வேலை. மூன்றையும் 'சொத்து மேலாண்மை' என்று எழுதினால் மாணவன் தேர்வில் என்ன செய்வான்?

அசெட்டுக்குச் சொத்து என்பதை அசைக்க வேண்டாம் என்பது என் கட்சி. கணக்கியலில் கரண்ட் அசெட் இலங்கையில் நடைமுறைச் சொத்து, தமிழ்நாட்டில் நடப்புச் சொத்து என்று இரு கரையிலும் ஊறிவிட்டது. அசெட் மேனேஜ்மென்ட்டுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 55000 2014-இல் சொன்ன வரையறையும் நிறுவனத்துக்கு மதிப்பு தருகிற அல்லது தரக்கூடிய எதுவும் அசெட் என்பதுதான். தண்ணீர்க் குழாயும் மின்மாற்றியும்கூட அதில் அடங்கும். (அசெட்டின் வேர் பிரெஞ்சில் 'போதும்' என்று பொருள்படும் சொல். இறந்தவரின் கடனை அடைக்க அவர் விட்டுப்போனது போதுமா என்ற கேள்வியிலிருந்து வந்ததாம். எனக்குப் பிடித்த தகவல், இந்த விவாதத்துக்கு உதவாது.)

அப்போது பிராப்பர்ட்டிக்கு? 'உடைமை' என்று இருவர் எழுதியிருந்தீர்கள். பஸ் நிலையத்தில் "உங்கள் உடைமைகளுக்கு நீங்களே பொறுப்பு" என்ற பலகையைப் பார்த்தவனுக்கு உடைமை என்றால் பெட்டி, பைதான். 'அசையாச் சொத்து' சட்டத்துக்குச் சரி. ஆனால் அதோடு மேலாண்மையையும் ஒட்டினால் நாக்கு களைத்துவிடும், மாணவர்கள் முதல் வாரத்திலேயே 'அசையா'வை வெட்டிவிடுவார்கள், பழையபடி சொத்தில் வந்து நிற்போம்.

என் பரிந்துரை ஆதனம். புதிதாக ஆக்கவே வேண்டாம், இலங்கையில் எங்களிடம் புழக்கத்தில் இருக்கிறது. பள்ளியின் கடைசிக் கட்டமான உயர்தரத்தில் கணக்கீடு படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் 'ஆதனம், பொறி, உபகரணம்' (பிராப்பர்ட்டி, பிளான்ட், எக்விப்மென்ட்) என்று தூக்கத்திலும் சொல்லும். உள்ளூராட்சி சபைக்குக் கட்டுவது ஆதன வரி. அடுக்குமாடிகளைக் கவனிக்கும் அரச அமைப்பின் பெயரே கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபை. ஆதனம் என்றால் இருக்கை, சிங்காதனம் நினைவுக்கு வருகிறதே என்று ஓர் அன்பர் கேட்டிருந்தார். நியாயம்தான், ஆனால் மனை என்றால் இல்லாளும்தான் வீட்டு நிலமும்தான்; "ஊரப்பாக்கத்தில் ஒரு மனை வாங்கினேன்" என்று சொன்னவரை யாராவது சந்தேகமாகப் பார்த்தோமா?

தமிழ்நாட்டு நண்பர்களுக்கு இது ஒட்டாது என்பது புரிகிறது, உங்கள் ரசீதில் சொத்து வரி என்றுதான் அச்சடித்திருக்கிறது. வரியை அப்படியே விடுங்கள். பாடத்தின் பெயர் மட்டும் ஆதன மேலாண்மை, சொத்து மேலாண்மை என்று பிரிந்தால் போதும். மேலாண்மையா முகாமைத்துவமா என்ற சண்டையை இந்த இழைக்கு இழுக்காதீர்கள், நான் ஓடிவிடுவேன்.

ஃபெசிலிட்டிக்குத்தான் எனக்கு வழி தெரியவில்லை. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அதற்கும் பட்டம் இருக்கிறது. 'வசதி மேலாண்மை' என்றால் வசதியானவர்களுக்கான வகுப்பு போலக் கேட்கிறது. 'கட்டடப் பராமரிப்பு' பூச்சு, பெயின்ட்டோடு நின்றுவிடும், காவலும் துப்புரவும் அதில் வராது. 'வளாகப் பேணுகை' என்று நேற்று இரவு தோன்றியது, காலையில் பார்த்தால் அவ்வளவு நன்றாக இல்லை. வேறு இருந்தால் எழுதுங்கள்.

அப்புறம் சர்வீஸ் சார்ஜ். லிஃப்ட், படிக்கட்டு விளக்கு, காவலாளி சம்பளம் எல்லாவற்றுக்கும் மாடிக்காரர்கள் பிரித்துக் கொடுப்பது. சென்னையில் "மெயின்டெனன்ஸ் கட்டியாச்சா?" என்கிறார்கள். 'பொதுச்செலவுப் பங்கு' என்று எழுதி வைத்திருக்கிறேன். சேவைக் கட்டணம் என்று மட்டும் யாரும் ஆரம்பிக்காதீர்கள், அது வங்கிக்காரன் பிடிப்பது.