இல்லாத காலில் வலி: பார்த்தவர்கள், பட்டவர்கள் எழுதுங்கள்

ராணிப்பேட்டை வாசகர்:
சர்க்கரைப் புண் ஆறாமல் எங்கள் நைனாவுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்; அதற்கு மேல் முன்கதை தேவையில்லை. என்னை இன்றும் உறுத்துவது ஒரு நள்ளிரவுதான். "கட்டைவிரல் உள்ளே மடங்கிக்கொண்டு உயிரை வாங்குகிறது, கொஞ்சம் நீட்டி விடப்பா" என்று அவர் கெஞ்ச, என் கை தன்னையறியாமல் போர்வைக்குள் போய் வெறும் மெத்தையைத் தடவியது. மருத்துவர் ஒருவர் அதைப் பிரமை என்று ஒரே சொல்லில் முடித்திருந்தார். பிறகு வந்த பிசியோதெரபிஸ்ட், இரு கால்களுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்தி, வலது காலின் பிம்பம் இடது கால் இருந்த இடத்தில் தெரியும்படி வைத்து, விரல்களை மெல்ல விரிக்கச் சொன்னார். இது தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் உருவாக்கிய முறை. மடங்கிய விரல் நீண்டதைக் கண்ணால் கண்டதும் நைனா பெருமூச்சு விட்டார். வலி முழுவதும் போகவில்லை என்றாலும், இப்போது இரவில் தூங்குகிறார்.

ஆற்காட்டுக்காரன்:
அப்படியானால் அது மனம் செய்யும் வேலைதானே ஐயா, மருத்துவர் சொன்னதில் என்ன தவறு? ஆடிக் கிருத்திகைக்கு அலகு குத்திக்கொண்டு ரத்தினகிரி ஏறியவன் நான். கன்னத்தில் வேல் நுழைந்தபோது அழுத்தம் தெரிந்ததே தவிர வலி தெரியவில்லை. அதே நான், பிறகொரு நாள் டிடி ஊசிக்குக் கையை நீட்டிவிட்டு, செவிலியர் பஞ்சால் துடைக்கும்போதே அலறியிருக்கிறேன். அங்கிருந்தவர்கள் சிரித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய செவிலியர்:
ஆற்காட்டுத் தம்பி, மனம் என்று சொல்லி அதைப் பொய்யாக்கிவிட வேண்டாம். நடுமூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதை, வலிச் செய்தியை நுழைவிடத்திலேயே அடக்கவும் செய்யும், கூட்டவும் செய்யும். 1978இல் பல் பிடுங்கியவர்களிடம் நடந்த ஆய்வில், மருந்துச் சரக்கே இல்லாத வெற்று மருந்தாலேயே வலி குறைந்திருந்தவர்களுக்கு, அபின் வகை மருந்துகளின் வேலையைத் தடுக்கும் நலோக்சோனைக் கொடுத்ததும் வலி மீண்டும் ஏறியது. நம்பிக்கை வேலை செய்தது உடலுக்குள் தானே சுரக்கும், அபின் போன்ற எண்டார்பின் வழியாகத்தான் என்பதற்கு அது முதல் சான்றுகளில் ஒன்று.

வலியே இல்லாமல் போவது வேறு. அதை நான் கண்ணால் பார்த்தேன். தொழுநோயால் பாதம் மரத்துப்போன ஒருவர், மாலையில் என் முன்னால் செருப்பைக் கழற்ற முயன்றபோது அது கழலவில்லை, ஏனென்றால் ஆணி செருப்பைத் துளைத்துக் காலுக்குள் ஏறியிருந்தது; அவரோ ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாமல் படுகிற காயங்களால்தான் கரைகின்றன என்று வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டு காட்டினார். சர்க்கரையும் பாத நரம்பை அதே போல் மரக்கச் செய்யும். ஆகவே ராணிப்பேட்டைக்காரரே, நைனாவின் வலது உள்ளங்காலைத் தினமும் பாருங்கள்.

குடியாத்தம் தறிக்காரர்:
எனக்கு இடுப்பு வலி. ஸ்கேன் அறிக்கையில் 'டிஸ்க் பிதுங்கல்' என்று படித்த அன்றிரவே வலி இரட்டிப்பாகிவிட்டது, அவ்வளவுதான் என் கதை.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். வலியே இல்லாத பலருக்கும் ஸ்கேன் எடுத்தால் அந்தப் பிதுங்கல் இருக்கும். அறிக்கையைப் பார்த்துப் பயந்தால் மூளை வலியைக் கூட்டிக்கொள்ளும். ஆபத்தான அறிகுறி இல்லையென்று மருத்துவர் சொல்லிவிட்டால், படுத்தே கிடக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக நடங்கள், தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், எதிரே வருகிறவர்களிடமெல்லாம் அறிக்கையை நீட்டி ஆளுக்கொரு பயத்தை வாங்கி வராதீர்கள். நைனாவுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கால் இடறினால் உடனே தேய்த்துக்கொள்கிறோம் அல்லவா, அதன் காரணத்தை மெல்சாக், வால் என்ற இரு வலி ஆய்வாளர்கள் 1965இல் விளக்கினார்கள்: தொடு உணர்வைக் கொண்டுவரும் பருத்த நரம்பிழைகள், மெல்லிய இழைகள் கொண்டுவரும் வலிச் செய்தியைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்துகின்றன. எனவே கண்ணாடிப் பயிற்சியோடு, காலின் வெட்டு முனையை மெல்லிய துணியால் நீவி விட்டுப் பாருங்கள், பழகியபின் சற்றுச் சொரசொரப்பான துண்டுக்கு மாறலாம். தையல் முழுவதும் ஆறியிருக்க வேண்டும்; பிசியோதெரபிஸ்டிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே தொடங்குங்கள்.